இரண்டு ஃபிளாஸ்க்கில் ஒரே மாவு

ஓரிக்கை இட்லி மாவு கம்பெனி எனக்கு ஏழாவது வேலை. லாரி கிளீனர், செங்கல் சூளை, ஆந்திராவில் மிளகாய் குடோன் எல்லாம் பார்த்துவிட்டு வந்தவன். படிப்பு எட்டாவது. சேர்ந்த மூன்றாம் வாரம், மார்கழியில், இருநூறு லிட்டர் டிரம் ஒன்று புளித்துப் பொங்கித் தரையெல்லாம் வழிந்து கிடந்தது. தறிக்காரர் தெருக்களின் டிபன் கடைகளுக்குப் போக வேண்டிய மாவு.

முதலாளி விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். "கிரைண்டர நிறுத்தாம ஓட்டிக்கினு இருந்திருப்ப. கல்லு சூடாயி மாவும் சூடாயிடுச்சி. ஐஸ் போட்டியா?"

போட்டேன் என்றேன். நம்பவில்லை. இன்னொரு டிரம் இப்படிப் போனால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பச் சொன்னார். பை சின்னதுதான். ஆனால் அங்கே மூன்று வேளைச் சோறும் படுக்க இடமும் இருந்தன.

வாரம் ஒருமுறை தரம் பார்க்க வரும் மேடத்திடம் சொன்னேன். அவர் இரண்டு ஃபிளாஸ்க் கொண்டுவந்தார். காலையில் அரைத்த மாவை ஒன்றில் பாதியளவு ஊற்றினார். அதே மாவில் கொஞ்சம் எடுத்துக் கொதிக்கவைத்தார். களியாகிவிட்டது. புளிக்கவைக்கும் கிருமி இதில் செத்திருக்கும் என்றார். முதல் ஃபிளாஸ்க்கின் சூட்டுக்கு வரும்வரை ஆறவிட்டு, இரண்டாவதில் போட்டார். இரண்டு மூடியிலும் ஓட்டை போட்டுத் தெர்மாமீட்டர் செருகினோம். மணிக்கொரு தடவை பார்த்து எழுதுவது என் வேலை.

தொடங்கும்போது இரண்டும் இருபத்தெட்டு டிகிரி. சாயங்காலம் களி இருபத்தேழு. மாவு முப்பது.

"கிரைண்டர் சூடுன்னா ரெண்டும் ஆறியிருக்கணும் சார்," என்றார் மேடம், முதலாளியிடம். "புளிக்கும்போது மாவே சூட்ட விடுது. வீட்டுப் பாத்திரத்துல அது வெளிய போயிடும். டிரம்முன்னா நடுவுல மாட்டிக்கும். அதுமேல எதனா மூடியிருந்தாங்களா?"

பனிக்காலத்தில் மாவு பொங்காது என்று எங்கள் வீட்டில் பாத்திரத்துக்குக் கோணி சுற்றுவார்கள். யாரும் சொல்லாமலே டிரம்முக்கும் சுற்றியிருந்தேன். முதலாளிக்கு அது தெரியாது.

"நான்தான் மேடம். குளிருமேன்னு நாலு கோணி சுத்தினேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "உன்ன அனுப்பிட்டு வேற ஆள வெச்சா, அவனும் குளிருமேன்னு போத்துவான்பா. நீ இனிமே போத்த மாட்ட. இரு."

மறுநாளிலிருந்து மாவைப் பத்து லிட்டர் டப்பாக்களில் பிரித்து வைத்தோம்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று. சந்தேகம் வந்தால் அளந்து பாருங்கள். அளவு நம் பக்கம்தான் நிற்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

நாலு கோணியையும் படுக்க எடுத்துக்கொண்டேன். எனக்கும் குளிரத்தான் செய்தது.