ஞாயிற்றுக்கிழமை இறக்கிய வள்ளம்

இரண்டு வருடங்களுக்கு முன், மார்கழி மழை கொட்டிய நாட்களில், எத்தாளையில் நடந்தது இது. கல்வித் திணைக்களத்தில் காலத்தைக் கழித்துவிட்டு, ஓய்வுபெற்று நான் வந்து குடியிருக்கும் ஊர். சுற்றறிக்கைகளை இலக்கத்தோடு ஒப்புவிக்கக்கூடியவன் என்பதால் ஊரில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. அந்தத் திறமையால் யாருக்கும் பெரிதாகப் பயன் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

எங்கள் அரசாங்கப் பாடசாலையில் பத்தாம் ஆண்டு படித்த மீனவர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி, கணித ஒலிம்பியாட் முதற்சுற்றில் தேறியிருந்தாள். இரண்டாம் சுற்று ஒரு ஞாயிறு காலை புத்தளத்தில். அதிலும் தேறினால் வார இறுதிகளில் கொழும்பில் பல்கலைக்கழக விரிவுரையாளர்களிடம் இலவசமாகப் படிக்கலாம். எங்கள் பாடசாலையிலோ உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவே கிடையாது. அந்தப் பிள்ளையின் தலைக்குள் இருந்ததற்குத் தீனி போட வேறு வழி எதுவும் எங்கள் கரையில் இல்லை.

சனிக்கிழமை பெய்த மழையில் புத்தளம் போகும் ஒரே வழியான பாலாவி வீதியை வெள்ளம் மூடிவிட்டது. பஸ் ஓடவில்லை. பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டிய கணித ஆசிரியர் சிலாபத்தில் அகப்பட்டுக்கொண்டார். பாடசாலை அதிபர் எனக்குத் தொலைபேசி எடுத்து, ஊருக்கும் புத்தளத்துக்கும் நடுவே கடல்போல் விரிந்து கிடக்கும் களப்பு வழியாகப் பிள்ளையின் தகப்பனே வள்ளத்தில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டார். பாடசாலை சார்பில் பொறுப்பான ஒருவர் கூடப் போகவேண்டும் என்ற விதியை நான் ஞாபகப்படுத்தினேன். நுணல் தன் வாயால் கெட்டது. பொறுப்பானவர் என்று அதிபருக்கு உடனே ஞாபகம் வந்த ஆள் நான்தான். எனக்கு நீந்தத் தெரியாது என்பதை எந்தச் சுற்றறிக்கையும் கணக்கில் எடுக்கவில்லை.

விடிந்ததும் கரைக்குப் போனேன். தகப்பன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"ஞாயிறு நாங்க வள்ளம் இறக்கிறல்ல சேர். என்ட அப்பா காலத்திலயும் இறக்கினதில்ல."

தாய் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "பூசைக்குப் போகாம பரீட்சைக்குப் போறீங்க. ஆண்டவர் கேட்டா நான் சேரைத்தான் காட்டிக் குடுப்பன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை.

உயிர்காப்பு அங்கி இரண்டுதான் இருந்தது. ஒன்றைப் பிள்ளைக்கும் மற்றதை எனக்கும் மாட்டிவிட்டு, தகப்பன் வெறும் சேர்ட்டோடு எஞ்சினை முடுக்கினார்.

வாடைக் காற்று முகத்தில் அடித்தது. பாதிக் களப்பு வரை பழுதில்லை. பிறகு எஞ்சினின் விசிறியில் கடற்பாசி சுற்றி, வள்ளம் நின்றது. தகப்பன் குனிந்து பாசியை அறுத்துக்கொண்டிருந்தபோது என் சப்பாத்துக்குள் ஏதோ குளிர்ந்தது. கீழே பார்த்தேன். கணுக்கால் அளவு தண்ணீர்.

"ஐயோ, தக்கை!" என்றார் தகப்பன்.

சனிக்கிழமை வள்ளத்தைக் கரையில் ஏற்றியதும், மழைத்தண்ணீர் வடிவதற்காகப் பின்பக்க அடியில் உள்ள ஓட்டையின் தக்கையைக் கழற்றிவிடுவார்கள். திங்கள் விடியற்காலையில், தகப்பனோடு தொழிலுக்குப் போகிறவர் வந்து, முதல் வேலையாக அதைத் திரும்ப அடைப்பார். ஞாயிறில் அந்த வேலை யாருக்கும் இல்லை. ஞாயிறில் வள்ளம் இறங்குவதில்லையே. வேகமாக ஓடியவரை தண்ணீர் அவ்வளவாக ஏறவில்லை. நின்றதும் ஏறியது.

தகப்பன் சேர்ட்டைக் கழற்றிச் சுருட்டி ஓட்டையில் திணித்தார். அது நிற்கவில்லை. என்னைப் பிடித்து இழுத்துப் பின்பக்கம் இருத்தி, என் குதிக்காலை அதன்மேல் வைத்து அமுக்கினார்.

"காலை எடுத்திராதீங்க சேர். இவ்வளவு காலமும் கதிரையில இருந்தீங்க, இண்டைக்கு ஓட்டையில இருங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை. பிள்ளை வெட்டிய எண்ணெய்க் கேனால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய வெள்ளைச் சீருடை இடுப்புவரை சேறாகியிருந்தது. எங்கள் கரையும் புத்தளம் கரையும் ஒரே தூரத்தில், ஒரே மாதிரியான மெல்லிய கோடுகளாகத் தெரிந்தன.

"திரும்பிறதெண்டா காத்து பின்னால தள்ளும், லேசு" என்றார் தகப்பன். "அங்கால போறதெண்டா அலை ஏறும். பிள்ளை பிந்திப் போய்ப் பிரயோசனம் இல்லையெண்டா திரும்பிருவம். நீங்க சொல்லுங்க சேர்."

பிள்ளை இறைப்பதை நிறுத்தவில்லை. "சேர், பிந்திப் போனா உள்ளுக்கு விடுவாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பதில் எனக்குத் தெரியும். அரை மணித்தியாலம் வரை விடுவார்கள். அந்த வள்ளத்தில் அது எனக்கு மட்டுமே தெரியும். 'விடமாட்டாங்க' என்று ஒரு சொல் சொன்னால் போதும். வள்ளம் திரும்பிவிடும், நான் உயிரோடு வீட்டில் தேநீர் குடிப்பேன். யாரும் என்னைச் சந்தேகிக்கப்போவதில்லை. விதிகளை அறிந்தவன் சொன்னால் ஊரில் அதற்கு மறுபேச்சு இல்லை. அந்தச் சொல் நாக்கின் நுனிவரை வந்தது. தண்ணீரைவிட அதுதான் என்னை அதிகம் நடுங்க வைத்தது.

"அரை மணித்தியாலம் வரைக்கும் விடுவாங்க" என்றேன். வாய் என்னைக் கேட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை.

தகப்பன் எஞ்சின் கயிற்றை இழுத்தார். இரண்டு தரம் இழுத்தும் பற்றவில்லை. மூன்றாம் தரம் பற்றியது. அதன் பிறகு அலை ஒவ்வொன்றும் முன்பக்கம் ஏறி உடைந்து எங்கள் மேல் விழுந்தது. சொந்தமாகக் கூப்பிட ஒரு தெய்வத்தை நான் வைத்திருக்கவில்லை. ஆகவே அவர்களுடைய மாதாவையே இரவல் வாங்கிக் கூப்பிட்டேன். கால் விறைத்து, அது என் கால்தானா என்ற சந்தேகம் வந்த பிறகும் நான் அமுக்குவதை விடவில்லை.

புத்தளத்தில் கரையேறி ஓட்டோ பிடித்தோம். மண்டபத்துக்குள் எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார், பிள்ளையின் சீருடையைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கதிரையைக் காட்டினார்.

வாசலில் நின்ற ஒரு மரத்தின் கீழ் குந்திய பிறகுதான் தகப்பன் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த பீடியை எடுத்தார். இரண்டு குச்சி கிழித்தும் பற்றவைக்க முடியவில்லை.

"சேர்," என்றார், "விடமாட்டாங்க எண்டு நீங்க சொல்லவேணும் எண்டு நான் மாதாவிட்ட நேந்துகொண்டு இருந்தன்."

நான் தீக்குச்சியை வாங்கி அவருடைய பீடியைப் பற்றவைத்தேன்.

பிள்ளை தேறிவிட்டாள். அந்தத் தையிலிருந்து சனிதோறும் கொழும்புக்குப் போனாள். இப்போது உயர்தரத்தில் கணிதம் படிக்கிறாள், வேறு ஊர்ப் பாடசாலையில். வழியில் கண்டால் "சேர்" என்று சிரிப்பாள். அன்று காலையில் எனக்குள் என்ன நடந்தது என்பது அவளுக்குத் தெரியாது. வாழ்நாள் முழுவதும் நான் பழகிய அலுவலக மேசைகளை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். பயந்துபோன ஒரு மனிதன் விதியின் பெயரால் மெதுவாகச் சொன்ன 'விடமாட்டாங்க' என்ற ஒரு சொல்லில் எத்தனை பிள்ளைகள் பாதிவழியில் திரும்பிப் போயிருப்பார்களோ என்பதுதான், களப்பின் ஆழத்தைவிட இன்றைக்கும் என்னை அச்சுறுத்துகிறது.