பூட்டுக்குள் ஒரு கூரைச் செய்தி

பகுதி நேர நிருபர் என்பது முழு நேரமும் திட்டு வாங்குகிற வேலை. குமுளியில் உட்கார்ந்துகொண்டு ஒரு தமிழ் நாளிதழுக்குச் செய்தியும் அனுப்பி, சந்தாவும் பிடித்துக் கொடுக்கிறவன் நான். இணையத்தில் சும்மா கிடைத்துக்கொண்டிருந்த எங்கள் பேப்பருக்கு இந்த வருஷம் பூட்டுப் போட்டார்கள். நாலு வரி படிப்பதற்குள் திரை மங்கி, ‘தொடர்ந்து படிக்கச் சந்தா செலுத்துங்கள்’ என்று வருமே, அதேதான். நீங்களும் அதில் முட்டிக்கொண்டு நெற்றியைத் தடவியவர்களாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்குத் திட்ட ஆள் கிடைத்திருக்காது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் கிடைத்தேன்.

பூட்டு விழுந்த அதே வாரம், ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதுதான் தொழிலாளர்களின் வரிசை வீடு, ஒரு வீட்டுக் கூரை சரிந்துவிட்டது. கொழுந்து பறிக்கும் செல்லத்தாயி இரண்டு பிள்ளைகளோடு தார்ப்பாய்க்கு அடியில் இருந்தாள். பெருமழைக்கு இன்னும் மூன்று வாரம்தான். நேரில் போய்ப் பார்த்து, வருஷக்கணக்காக நிர்வாகம் தகரம் மாற்றாததையும் அவள் கொடுத்த மனுக்களையும் சேர்த்து எழுதி அனுப்பினேன். “அச்சுல இடமில்லண்ணே, இணையத்துல முழுசாப் போட்டாச்சு” என்றார் உதவி ஆசிரியர். அதாவது, பூட்டுக்குள். பகுதி நேர ஆட்களுக்குச் சாவி கிடையாதாம். எழுதினவனே காசு கட்டிப் படிக்கணுமா என்று எனக்கும் ரோஷம். நாற்பது பேர் படித்தால் மானேஜர் வெட்கப்பட்டாவது தகரம் போடுவார் என்று சந்தா பிடிக்கக் கிளம்பினேன்.

வாத்தியார் வீட்டில்

முதலில் போனது ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீட்டுக்கு. முப்பது வருஷ வாசகர். கூரைச் செய்தியைச் சொன்னதும் “அடப்பாவமே” என்றார். போனை எடுத்தார், பெயரைப் போட்டார், நம்பரைப் போட்டார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. “ஓடிபி வந்திருக்கும், அதை மட்டும் சொல்லுங்க சார்” என்றேன். அவ்வளவுதான், மனுஷர் முகம் மாறிவிட்டது.

எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பேப்பர் துண்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். ஓடிபி கேட்டு ஏமாற்றும் கும்பல் பற்றிப் போன வருஷம் வந்த செய்தி. எழுதியது சாட்சாத் நான்தான். “நல்லா எழுதியிருக்க தம்பி. கேக்குறது தெரிஞ்சவனாவே இருந்தாலும் சொல்லாதீங்கன்னு கடைசி வரியில போட்டிருக்க பாரு, அதனாலதான் சொல்ல மாட்டேங்கிறேன்.”

ஏலக்காய் விலை

பாண்டி எனக்குப் பழக்கமான சிறு விவசாயி. ரெண்டு ஏக்கர் ஏலம். தினமும் ஏல விலையை எங்கள் பக்கத்தில் பார்த்துவிட்டுத்தான் காயை மலையிறக்குவார். இப்போது அந்த விலையும் பூட்டுக்குள். சந்தா கட்டினால் விலையும் தெரியும், அந்தக் கூரைச் செய்திக்கு ஒரு வாசகரும் கூடும் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

மனுஷன் என்னை விட்டுவிட்டு, எதிரே இருந்த, ஏலமும் மிளகும் வாங்குகிற மலஞ்சரக்குக் கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கடைக்காரர் முதல் நாளே சந்தா கட்டிவிட்டார், அதை என் வாயாலேயே உளறித் தொலைத்திருந்தேன். “அண்ணாச்சி, விலையத் தெரிஞ்சுக்கவே காசு கட்டணும்னா, விக்கிறவனுக்கு முன்னாடி வாங்குறவன்தான் அதப் பாப்பான். இந்த ரோசனைய உங்க ஆபீசுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு, அந்தக் கடைக்காரரா?”

ஜீப் ஸ்டாண்டு

டூரிஸ்டு ஜீப் ஓட்டும் ஒரு தம்பி ஒருநாள் என்னை வழிமறித்தான். எங்கள் தளத்தில் சினிமா கிசுகிசு சும்மா, ராசிபலன் சும்மா, செய்திக்கு மட்டும்தான் பூட்டு. ஏன் அப்படி என்று எனக்கே தெரியாது.

“ராசிபலன அள்ளி அள்ளித் தர்றீங்க, நெசத்துக்கு மட்டும் காசு கேக்குறீங்களேண்ணே! ஒங்ககிட்ட அது அவ்வளவு கொஞ்சமாத்தான் இருக்கா?”

நல்லேப்பிள்ளியில்

என் மனைவியின் ஊர் நல்லேப்பிள்ளி. ஒரு காதுகுத்துக்குப் போன இடத்திலும் நான் சும்மா இருக்கவில்லை. பந்தி முடிந்ததும் நெல் விவசாயம் பார்க்கும் சின்ன மாமனாரைப் பிடித்துக்கொண்டேன். முதல் ஐந்து செய்தி இலவசம் என்று சொல்லி அவர் போனில் திறந்தும் கொடுத்தேன். கால்வாய்த் தண்ணீர் பற்றிய செய்தியாகவே தேடித் தேடி ஐந்தையும் படித்து முடித்தார். ஆறாவது, ‘தண்ணீர் திறக்கும் தேதி’. திரை மங்கிவிட்டது.

நானே வேண்டுமென்று அந்த இடத்தில் மறைத்த மாதிரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மாமா, எங்க பக்கம் ஒரு ஏழைப் பொம்பளையோட கூரைச் செய்தியும் உள்ளதான் இருக்கு” என்று இழுத்தேன். அது எடுபடவே இல்லை. மருமகன் என்ற மரியாதைக்கு ஒரு குறையும் வைக்காமல், மெதுவாகச் சொன்னார்: “ஏனுங்க மாப்ள, எங்கூரு கொளத்துலயும் மொத நாளு சும்மாதானுங்க பொரி தூவுவோம். தூண்டில அடுத்த நாளுதானுங்க போடுவோம்.”

ஏலப்பாறையில்

கடைசியில் என்னை நம்பியது செல்லத்தாயிதான். பழைய போனோடு லயத்து வாசலில் நின்றாள். மழை ஆரம்பித்துவிட்டது, தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைப் பெரிய பிள்ளை கம்பால் தள்ளிக்கொண்டிருந்தது. “நாலு தடவ அபேட்ச எழுதிக் குடுத்தேன் சாரே. பேப்பர்ல எங்க வந்திருக்கு, காட்டுன்னு மானேசரு கேக்குறாரு” என்றாள், மனுவைத்தான் அபேட்ச என்கிறாள். ஓடிபியை நான் கேட்பதற்கு முன்னாலேயே உரக்க வாசித்தாள். சந்தாவும் அவள் காசிலேயே கட்டியாயிற்று.

பூட்டுத் திறந்தது. மூன்றே வரி. ‘ஏலப்பாறை அருகே மழையில் ஒரு குடியிருப்பின் கூரை லேசாகச் சேதமடைந்தது. நிர்வாகம் துரித நடவடிக்கை எடுத்து வருகிறது.’ அவள் பெயர் இல்லை, மனு இல்லை, நான் எழுதிய ஒரு வாக்கியம்கூட இல்லை. அடியில் அதே தோட்டத்தின் டூரிஸ்டு பங்களாவுக்கு ஒரு விளம்பரம், மழையை ரசிக்க வரச்சொல்லி. அங்கிருந்தே உதவி ஆசிரியரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். “விளம்பரம் அது பாட்டுக்கு வர்றதுண்ணே, செய்திக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல” என்றார். நான் கேட்டது செய்தி எங்கே என்றுதான். விளம்பரத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

செல்லத்தாயி அந்த மூன்று வரியையும் இன்னொரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். புடவைத் தலைப்பால் போனில் விழுந்த மழையைத் துடைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்: “களவு போறதுக்கு இதுல என்ன இருக்குன்னு சாரே இதுக்கு ஒரு பூட்டப் போட்டாங்க?”

என்னைச் சந்தேகப்பட்ட அத்தனை பேரும் காசோடு தப்பித்துக்கொண்டார்கள், நம்பிய ஒருத்தி மட்டும் நனைந்துகொண்டிருக்கிறாள், நான் இப்போதெல்லாம் என் பெயர் போட்டு வருகிற செய்தியைக்கூட ரெண்டு தடவை படித்துப் பார்த்துத்தான் நம்புகிறேன்.