மிக நன்று, நன்று, ஓரளவு நன்று

எங்கள் கோயில் சபைத் தலைவரைத் தலைவர் என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. பிரசிடென்ட் என்றுதான் கூப்பிட வேண்டும். அந்த ஒரு சொல்லால் வந்த கேடு கொஞ்சமில்லை. அப்போதெல்லாம் இங்கே கனடாவில், மொன்றியலில் ரீவியைப் போட்டால் அமெரிக்க சனாதிபதியின் கதைதான். அந்த ஆள் செய்வது சரியா பிழையா என்று சனத்திடம் கேட்டுக் கேட்டு, திரையில் கோடு கீறிக் காட்டுவார்கள். அதைப் பார்த்த எங்கள் ஆளுக்குத் தனக்கும் ஒரு கருத்துக் கணிப்பு வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அங்கேயும் பிரசிடென்ட், இங்கேயும் பிரசிடென்ட் அல்லவா! பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் பழைய தளபாடக் கடை ஒன்றுக்குள் இருந்த சின்ன முருகன் கோயிலுக்கு வெள்ளை மாளிகை நினைப்பு.

அவர் செய்த பெரிய காரியம் ஒன்றே ஒன்று. ஏழு மணிக்கு நடந்த மாலைப் பூசையை ஐந்து மணிக்கு மாற்றினார். கோயில் முழுவதும் ஒரே மண்டபம். நேரத்தோடு முருகனுக்குத் திரையை இழுத்து மூடிவிட்டால் மற்றப் பாதியைப் பிறந்தநாள் விழாக்களுக்கு வாடகைக்கு விடலாம். மரக்கறிச் சாப்பாடு மட்டும் என்று சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டினார். அவருடைய பக்தி அதோடு சரி.

எனக்கு அதனால் போனது பெரிது. நான் ஜான்-டலோன் சந்தையில் ஓர் இத்தாலியனின் கடையில் மரக்கறிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். திங்கள் முதல் சனி வரை வேலை ஆறு மணிக்குத்தான் முடியும். நேரே கோயிலுக்கு வந்து, கால் கழுவி, விபூதி பூசி, தீபாராதனை முடிந்ததும் ஒரு பதிகம் பாடுவேன். நாலு வருஷமாக அது என் தொண்டு. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பகல் முழுக்கச் சந்தையில் என் வாயிலிருந்து வருவது 'பொன்ஜூர்', 'மெர்சி' என்ற இரண்டு பிரெஞ்சுச் சொற்கள்தான். முருகனுக்கு முன்னால் மட்டும் நான் வாயுள்ள மனிதன். அதையும் பறித்துவிட்டார்கள்.

கணிப்பு நடந்த ஞாயிற்றுக்கிழமை காலை வெளிக்கிடும்போதே மனைவி சொன்னாள்: "இஞ்சருங்கோ, இண்டைக்கு உள்ளதை உள்ளபடி எழுதிப்போட்டு வாங்கோ."

வாசலில் ஒரு மேசையும் ஒரு கட்டுத் தாளும் இருந்தன. அர்ச்சனைத் துண்டையே கொம்பியூட்டரில் கொஞ்சம் மாற்றி அடித்திருந்தார்கள். பிரசிடென்ட் அவர்களின் செயற்பாடு எப்படி, புதிய பூசை நேரம் எப்படி என்று இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் கீழே மூன்று பெட்டிகள்: மிக நன்று, நன்று, ஓரளவு நன்று. கூடாது என்று சொல்ல ஒரு பெட்டி இல்லை. அடியில் பெயரும் நட்சத்திரமும் எழுத வேண்டும்.

எனக்கு முன்னால் நின்றவர் ரெஸ்ரோறன்ற் ஒன்றில் கோப்பை கழுவுகிற அண்ணை. அவரிடம் மெல்லக் கேட்டேன்.

"இதுக்கு ஏன் அண்ணை நட்சத்திரம்?"

"மாறி எழுதினா எந்த நட்சத்திரத்துக்குச் சனியன் பிடிக்கவேணும் எண்டு அவருக்குத் தெரியவேண்டாமே?"

சொல்லிச் சிரித்துவிட்டு 'மிக நன்று' பெட்டி இரண்டிலும் புள்ளடி போட்டார்.

"எல்லாம் ரகசியம் அண்ணை, ஒருத்தருக்கும் காட்டமாட்டம்," என்றார் பிரசிடென்ட், என் தோளுக்கு மேலால் தாளைப் பார்த்தபடி. அவருடைய மூச்சு என் காதில் பட்டது. முகத்தை முறிக்கப் பயந்தேன். நானும் 'மிக நன்று' என்று இரண்டு புள்ளடி போட்டுக் கொடுத்தேன்.

பிறகு நடந்ததுதான் கூத்து. யாரோ அந்தத் தாள்கள் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து உள்ளே கொடுத்துவிட்டார்கள். ஐயர் அர்ச்சனைத் துண்டுகள் என்றே நினைத்து, பெயரையும் நட்சத்திரத்தையும் ஒவ்வொன்றாக வாசித்து மந்திரம் சொல்லத் தொடங்கினார். பிரசிடென்ட் தடுக்கவில்லை. கைகூப்பி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார், எல்லாம் தனக்கே நடப்பதுபோல. இடையில் என் பெயரும் வந்தது. நான் எழுதிய பொய்க்கு ஐயர் முருகன் காலில் பூப் போட்டார்.

பூசை முடிய பிரசிடென்ட் ஒலிவாங்கியைப் பிடித்தார். "எல்லாரும் மிக நன்று எண்டு சொல்லியிருக்கிறியள். பூசை இனி ஐஞ்சு மணிக்குத்தான். இது சனத்தின்ரை தீர்ப்பு." சனம் கைதட்டியது. பஸ் தரிப்பில் நின்று அவரைப் பரம்பரையோடு திட்டியவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள்.

பூசைக்குப் பிந்தி வந்து பெண்கள் பக்கம் நின்ற மனைவி என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள். "சந்தையிலை அவ்வளவு பெட்டி தூக்கிறியள். ஒரு பேனையைத் தூக்க ஏலாமல் போச்சுதே," என்றாள்.

அது சுட்டது. திரும்பி பிரசிடென்டிடம் போனேன்.

"என்ரை துண்டைத் தாங்கோ. நான் பொய் எழுதிப்போட்டன்."

"அண்ணை, அமெரிக்காவிலையும் ஒருக்கால் குடுத்ததைத் திருப்பிக் குடுக்கிறேல்லை."

"நான் அமெரிக்காவிலை நிக்கேல்லை. முருகனுக்கு முன்னாலை நிக்கிறன்."

"அதுக்கு அர்ச்சனையும் ஆயிட்டுது. இனி என்ன? பேந்து கதைப்பம்." சொல்லிவிட்டு ஒலிவாங்கிக் கம்பியைச் சுற்றத் தொடங்கினார். அவருடைய 'பேந்து' ஒருநாளும் வராத பிறகு என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ஏழு மணிக்குப் போனேன். உள்ளே யாரோ ஒரு பிள்ளைக்கு மூன்றாவது பிறந்தநாள். பலூன், கேக், ஆளளவு ஸ்பீக்கர். மூடிய திரைக்கு முன்னால் நிலத்தில் சம்மணம் கட்டி இருந்து பதிகத்தைத் தொடங்கினேன். பிரசிடென்ட் ஓடிவந்தார்.

"அண்ணை, இதென்ன? விழா நடக்குது."

நான் பாடிக்கொண்டே இருந்தேன். பாட்டின் நடுவில் பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு யாரோ படம் எடுக்கக் கூப்பிட, கேக்குக்குப் பக்கத்தில் நிற்கப் போய்விட்டார். ஸ்பீக்கரை ஒருவரும் குறைக்கவில்லை. பதிகத்தின் பத்துப் பாட்டையும் பாடி முடித்தேன்.

ஐயர் வீட்டுக்குப் போகாமல் திரைக்கு உள்ளே இன்னும் நின்றிருக்கிறார் போலும். கடைசிப் பாட்டு முடியத் திரையின் கீழ் விளிம்பில் கர்ப்பூர வெளிச்சம் தெரிந்தது. திரை திறக்கவில்லை. நான் விழுந்து கும்பிட்டேன்.