ஞாயிற்றுக்கிழமைத் தாள்

என் வீட்டுக்காரர் நல்ல கேமராவைக் கெடுத்துவிட்டார் என்று எங்கள் சுரங்க ஊரான ஊரிகம் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான். பின்னே என்ன? கலர் கலராகப் படம் எடுத்துக்கொண்டிருந்ததை பெங்களூருக்குக் கொண்டுபோய், உள்ளேயிருந்த ஒரு கண்ணாடியைக் கழற்றி வேறொன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் மட்டும்தான் அதில் பதியும். வேப்பிலை வெள்ளை, பட்டப்பகலில் வானம் கறுப்பு. "பேய் புடிச்ச ஊராட்டம் இருக்குது" என்றேன். அவருக்கு அதுதான் பிடித்திருந்தது. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேட்டில், மழைக்கு முளைக்கும் செடிகளோடு, அப்படி ஒரு படம் எடுத்துப் பெரிதாக மாட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

சிக்கல் ஃபோகஸில். கண்ணால் பார்த்துத் திருகினால் துல்லியமாகத் தெரிகிறது. அந்த வெளிச்சமோ கொஞ்சம் தள்ளிப்போய்ச் சேருமாம், படம் மசமசவென்று விழும். எவ்வளவு தள்ள வேண்டும் என்று எடுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மகள் விட்டுப்போன நெயில் பாலிஷால் லென்ஸ் வளையத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். அது சரிதானா என்று சோதிக்க ஞாயிறு மட்டும்தான் கிடைத்தது. மற்ற ஆறு நாளும் விடிகாலை ரயிலில் வேலைக்குப் போய்விடுவார்.

ஆராதனை முடிந்து வந்ததும் நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து நெஞ்சருகே பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்காருவேன். அவர் முற்றத்தில் எடுப்பார். உடனே திரையில் தாளைப் பெரிதாக்கி, தேதி நம்பர் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

"நம்பர் தெரியல. அசையாத உக்காரு, இன்னும் ஒண்ணு."

"எனக்கு இன்னா வேற வேலையே இல்லியா? அடுப்புல குழம்பு கொதிக்குது."

பொட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மயிரிழை, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை திருகுவார். கடைசியில் பொட்டுக்கே வந்து நிற்பார். நம்பர் மட்டும் தெரியாது. என் சேலைக் கட்டமும் காணாது, முகச்சுருக்கமும் காணாது. "சுருக்கம் போனா நல்லதுதானே, உட்டுடுங்க" என்று சிரிப்பேன். அவர் சிரிக்க மாட்டார். "நம்பர் தெரியட்டும். அதுக்கப்புறம்தான் மேட்டுக்குப் போவேன்."

ஒரு ஞாயிறு எனக்குப் பொறுமை போய்விட்டது. "கண்ணு போச்சு உங்களுக்கு. இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று தாளைக் கசக்கி எறிந்தேன். அவர் கேமராவைப் பைக்குள் வைத்தார். அப்புறம் அதை வெளியே எடுக்கவேயில்லை. அடுத்த மழைக்காலத்தில் வேலைக்குப் போன இடத்தில் மார்வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீட்டுக்கு உயிரோடு வரவில்லை.

இப்போது எங்கள் சுரங்கத் தொழிலாளர் வீட்டு லைனில் இரண்டு பக்கமும் பூட்டிய வீடுகள். சில நாள் பொழுது சாயும்வரை என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. திட்டக்கூட ஆளில்லை என்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. போன வாரம் மகள் பெங்களூரிலிருந்து பேசினாள். சனிக்கிழமை வந்து கேமராவை எடுத்துப்போய்ப் பழையபடி மாற்றிக்கொள்வாளாம். சரி என்றேன்.

கொடுப்பதற்கு முன், அப்படி என்னதான் இருந்தது இதில் என்று ஒரு வீம்பு. புதன்கிழமை வெயில் ஏறியதும் வாசற்படியில் நாற்காலி போட்டு, அன்றைய தாளைத் துணிக் கிளிப்பால் அதில் மாட்டினேன். அவர் நிற்கும் இடத்தில் நின்று, வளையத்தைச் சிவப்புப் பொட்டில் வைத்து அழுத்தினேன். பெரிதாக்கிப் பார்த்தேன். தேதி எட்டு. இரண்டு சுழியும் வெட்டி வைத்ததுபோல் கறுப்பாக நின்றன.

கடைச் சாமான் எழுத வைத்திருந்த பழைய தாள்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேடியெடுத்து மாட்டினேன். அதே இடம், அதே பொட்டு. வெறும் வெள்ளைத் தாள் விழுந்தது. எங்கள் நாள்காட்டியில் ஞாயிறு முழுக்கச் சிவப்பு மை. அந்த வெளிச்சத்துக்குச் சிவப்பு மை தெரியவே தெரியாது.

அவர் எடுத்தவற்றைத் தேடிப் பார்த்தேன். வெற்றுத் தாளைப் பிடித்தபடி மெழுகு முகத்தோடு நான். எனக்குப் பின்னால் கதவில் தாழ்ப்பாள், ஒவ்வொரு ஆணி, ஆணியில் இருந்த துருவரை அத்தனை துல்லியம். அங்கே அவர் பார்க்கவேயில்லை, தாளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

சாயங்காலம் மகளைக் கூப்பிட்டேன். "கேமராவுக்காக வராதே."

"இன்னாம்மா ஆச்சு?"

"உங்கப்பா கண்ணு நல்லாத்தான் இருந்திச்சுடி. நான்தான் ஞாயித்துக்கிழமை தாளைக் கிழிச்சிக் கையில புடிச்சிக்கினு உக்காந்தேன்."