கருகிய சட்டையும் கஞ்சியக்காவும்

சொம்புத் தண்ணீரில் நாலு விரலை முக்கித் துணியின் மேல் ஒரு சுண்டு. தூறல் போலச் சரிசமமாக விழும். அதற்குப் பிறகுதான் கஞ்சியக்கா பெட்டியைக் கையில் எடுப்பாள். ஆவி விடும் புது இஸ்திரிப் பெட்டிகள் எங்கள் சலவைக்கூடத்துக்கு வந்து வருஷம் ஆறாகிறது. பன்னிரண்டு மேசையில் பதினொன்றில் அதுதான். அவள் மேசையில் மட்டும் பழைய கனத்த பெட்டி. அடித்தட்டு கண்ணாடி போல வழவழவென்றிருக்கும். "புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுறதோட மல்லுக்கட்ட என்னால ஆகாது" என்பாள்.

எனக்கு இளையவள்தான். ஆனாலும் கூடம் முழுக்கக் கஞ்சியக்கா என்று கூப்பிடுவதால் எனக்கும் அதுவே வாயில் வருகிறது. கஞ்சி போட்ட துணி மாதிரி விறைப்பாக நிற்பாள், அதனால் வந்த பெயர். பேசும்போது கை சும்மா இருக்காது. மேசை விளிம்பை நீவுவாள், தன் முழங்காலை நீவுவாள், சில நேரம் என் முந்தானையையே இழுத்து நீவிவிடுவாள். சுருக்கம் கண்ணில் பட்டால் போதும்.

புதுப் பெட்டிகள் வந்த சமயத்தில் மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். வேலை சொல்லித் தருகிறேன் என்று பெண்களின் முதுகோடு ஒட்டி நிற்பார். கை எங்கெங்கோ போகும். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். நான் மனதுக்குள் சாமி பெயரைச் சொல்லிக்கொள்வேன். ஒருநாள் அவளிடமும் அப்படி நின்றார். அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கூடமே திரும்பிப் பார்க்கும்படி, "கைய எடுங்க!" என்றாள்.

வேலை விட்டுப் போகும்போது நான் சொன்னேன்: "விடும்மா. சாமிகிட்ட சொல்லு, அவரு பாத்துப்பாரு."

"சாமிகிட்ட மத்தியானமே சொல்லிட்டேன்க்கா. நாளைக்கு மேனேஜர்கிட்ட சொல்லப்போறேன்."

எழுதியே கொடுத்தாள். பதினைந்தாம் நாள் வேலை போயிற்று. சலவைக்கு வந்த ஓட்டல்காரர் ஒருவரின் சட்டையைக் கருக்கிவிட்டாளாம். வேலை போனதைவிட அந்தச் சொல்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. "இருபது வருஷமா என் கையில ஒரு கைக்குட்டை கருகினதில்லக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வழக்குப் போட்டாள்.

மூன்று வருஷம் இழுத்தது. வீடு வீடாகத் துணி தேய்த்துக்கொண்டு, வாய்தாவுக்கு வாய்தா கசங்காத சேலையில் போய் நின்றாள். புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டால் வேலை தருகிறோம் என்று நடுவில் கம்பெனி ஆள் அனுப்பியது. "வேலையும் வேணும், நான் சொன்னதும் நிக்கணும். ஒண்ணக் குடுத்து ஒண்ண வாங்க நான் என்ன பழைய துணிக்காரியா?" என்று வாசலோடு அனுப்பிவிட்டாள். அவள் வீட்டுக்காரர் எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கட்டுன நாள்லேர்ந்து இவகிட்ட நானே ஒரு வழக்குலயும் ஜெயிச்சதில்ல. பாவம், கம்பெனிக்காரன்."

மேற்பார்வையாளர் சாட்சி சொல்லும் நாள் வந்தது. அவளை அடங்காதவளாகக் காட்டவேண்டும் என்ற ஆசை அவருக்கு. "புதுப் பெட்டி குடுத்தா தொடக்கூட மாட்டாங்கய்யா. கடைசி நாள் வரைக்கும் அந்தப் பழசுதான். அவ்வளவு திமிரு" என்றார்.

அதுவரை எல்லோரும் காகிதங்களைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து, "ஐயா, அந்தச் சட்டைய நான் ஒருவாட்டி பாக்கணும்" என்றாள். கம்பெனி சாட்சியாகக் கொடுத்திருந்த உறையிலிருந்து எடுத்து விரித்தார்கள். முதுகில் பெட்டி வடிவத்தில் பழுப்புத் தடம். அதற்குள்ளே, ஓரமாக, வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

"இது ஆவிப் பெட்டிங்கய்யா. ஆவி வர்ற ஓட்டை இருந்த இடம் மட்டும் கருகாம நிக்குது பாருங்க. என் பெட்டியில ஓட்டையே கிடையாது. நான் அதத்தான் வெச்சிருந்தேன்னு இப்பத்தான் இவரே சொன்னாரு."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் சட்டையைப் பார்த்தார்.

அடுத்த வாய்தாவில் நானும் இன்னும் இரண்டு பேரும் கூண்டில் ஏறி எங்களுக்கு நடந்ததைச் சொன்னோம். தீர்ப்பில் இரண்டையும் எழுதினார்கள். அவள் புகார் உண்மை, அவளை வேலையை விட்டு எடுத்தது தவறு. அந்த ஆள் வெளியே போனார், இவள் உள்ளே வந்தாள்.

வந்த அன்று மேனேஜர் தன் அறையில் ஒரு காகிதத்தை நீட்டினார். நாங்கள் கதவோரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'நிர்வாகத்தின் கருணையால் மீண்டும் வேலையில் சேர்க்கப்படுகிறார்' என்றிருந்தது.

"எல்லாருக்கும் இப்படித்தாம்மா எழுதுறது. கையெழுத்தப் போடு, போடு" என்றார் மேனேஜர்.

அவள் பேனாவை வாங்கி, முதல் இரண்டு சொல்லையும் அழுத்தமாக ஒரு கோடு இழுத்து அடித்தாள். அதன் மேலே கோணல்மாணலாக, 'கோர்ட்டுத் தீர்ப்பின்படி' என்று எழுதினாள். கீழே தன் கையெழுத்தைப் போட்டு, மை காய ஊதிவிட்டு, காகிதத்தை அவர் படிக்கத் தோதாகத் திருப்பி வைத்தாள்.