ஆல்பர்ட் சொன்னால்தான் நான் நல்லவன்

பதினைந்து நாளைக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது.

"சார், பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன். அரை மணி நேரத்துல வர்றேன். பக்கத்து மனெக்காரங்க ரெண்டு பேர் சாட்சி வேணும். கூப்பிட்டு வெச்சிருங்க."

பேசியது ஏரியா ஸ்டேஷன் கான்ஸ்டபிள். தமிழும் கன்னடமும் கலந்த பேச்சு; 'மனெ' என்றால் வீடு.

விஷயம் இதுதான். சிங்கப்பூரில் இருக்கும் என் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். மனைவி கலாவின் பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கிறது. என்னுடையது காலாவதியாகி ஒரு வருஷம் ஆகிவிட்டது என்பதை டிக்கெட் போட உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். ஆதார் கார்டைக் காட்டி டெல்லிக்குப் பறக்கலாம். சிங்கப்பூருக்கு முடியுமா?

கலா ஒரு வார்த்தை திட்டவில்லை. "பரவால்ல, நான் மட்டும் போறேன்" என்றாள்.

திட்டியிருக்கலாம்.

ஆன்லைனில் அப்ளை செய்து, விரல் ரேகை கொடுத்து, சிரிக்காமல் போட்டோ எடுத்து... எல்லாம் முடிந்தது. பாக்கி ஒன்றுதான் — நான் நல்லவன் என்று அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் சொல்ல வேண்டும்.

இரண்டே பேர்! விவேக் நகரில் இருபத்திரண்டு வருஷமாக இருப்பவனுக்கு இது ஒரு பிரச்னையா? எதிர் வீட்டு ஸ்டெல்லா டீச்சர் உடனே வந்துவிட்டார். மாடி வீட்டு சீனிவாசனுக்குப் போன் செய்தேன். "ஓசூர்ல ஒரு கிரகப்பிரவேசம் சார்... இப்பத்தான் இலை போட்டாங்க" என்றார். இலை முன்னால் உட்கார்ந்தவரை எழுப்ப எந்தச் சட்டத்திலும் இடமில்லை. கீழ் போர்ஷனில் இருக்கும் புதுத் தம்பதி குடிவந்து இரண்டு மாதம்தான். அவர்களுக்கு என் பெயரே தெரியாது.

வேறு யார்? பக்கத்து வீட்டு ஆல்பர்ட்.

எனக்கும் ஆல்பர்ட்டுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. அதற்குக் காரணம் வாராவாரம் நான் பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்திதான். 'அடுத்த வீட்டு அலாரம்' என்று ஒரு வாரம் எழுதியிருந்தேன். தினமும் காலை ஐந்தரைக்கு ஒருவர் சர்ச் பாடகர் குழுவுக்காகப் பாடிப் பழகுவதையும், அந்தக் குரல் கல் மாட்டிய மிக்ஸி மாதிரி இருப்பதையும் விஸ்தாரமாக எழுதினேன். ஆனால் நாசூக்காகப் பெயரை மாற்றிவிட்டேன். ஆல்பர்ட்டை ராபர்ட் ஆக்கினேன்.

தெரு முழுக்கக் கண்டுபிடித்துவிட்டது. அன்றிலிருந்து என்னைக் கண்டால் அவர் வானத்தைப் பார்ப்பார். நான் என் ஸ்கூட்டர் டயரைப் பார்ப்பேன்.

கான்ஸ்டபிள் வந்தார். டீச்சர் வாசலில் நின்றே கையெழுத்துப் போட்டார்.

"இன்னொருத்தர் எல்லி, எங்கே சார்?"

அந்த நேரம் பார்த்தா ஆல்பர்ட் தன் கேட்டருகே செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்? என்னைக் கேட்காமலேயே கான்ஸ்டபிள் அவரைக் கூப்பிட்டுவிட்டார்.

"சார், ஒந்து நிமிஷா. இவரைத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

"எப்படிப்பட்ட ஆளு?"

ஆல்பர்ட் வாளியைக் கீழே வைத்தார். "இருங்க" என்று உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் என் கட்டுரை. லேமினேட் செய்திருந்தார். லேமினேட்!

"இவரைப் பத்தி நான் சொல்றது இருக்கட்டும். என்னைப் பத்தி இவரு இன்னா எழுதிக்கிறாருன்னு கேளுங்க."

வரி விடாமல் படித்தார். மிக்ஸி வரியை மட்டும் இரண்டு முறை.

கான்ஸ்டபிள் என் பக்கம் திரும்பினார். "இது நிஜவா, பொய்யா சார்?"

நியாயமான கேள்வி. நிஜம் என்றால் ஆல்பர்ட் கையெழுத்துப் போட மாட்டார். பொய் என்றால், பத்திரிகையில் பொய் எழுதுகிறவன் என்று போலீஸிடம் நானே வாக்குமூலம் கொடுத்ததாகிவிடும். ஜன்னலுக்குப் பின்னால் கலா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம்... மிகைப்படுத்தி..." என்று இழுத்தேன்.

"எதுக்கு இழுக்கணும்? நான் பாடறேன். நீங்களே சொல்லுங்க" என்று கான்ஸ்டபிளிடம் சொன்னார் ஆல்பர்ட்.

தொண்டையைச் செருமி, நெஞ்சில் கை வைத்து, மாதா பாட்டு ஒன்றை ஆரம்பித்தார். கீழ் போர்ஷன் தம்பதி வெளியே வந்தார்கள். முட்டை வண்டிக்காரர் வண்டியை நிறுத்தினார். நான் தரையைப் பார்த்தபடி நின்றேன்.

உண்மையைச் சொல்கிறேன்... நன்றாக இருந்தது. ஐந்தரை மணிக்குத் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு கேட்பது வேறு, பத்தரை மணிக்குக் காபி குடித்துவிட்டுக் கேட்பது வேறு. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட நான் முழுசாக விழித்திருந்து கேட்டதில்லை.

கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார். "சக்கத்தாகிதே சார்! சூப்பர்! எங்க அக்கா மகள் ரிசப்ஷன்ல பாடறீங்களா?"

ஆல்பர்ட் என்னைப் பார்த்தார். "இப்ப நீங்க சொல்லுங்க."

மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"நல்லா இருந்துச்சு ஆல்பர்ட். தப்பா எழுதிட்டேன். மன்னிச்சிருங்க."

"போலீஸ் நிக்கறாரேன்னு சொல்றீங்களா?"

"பாதி அதுக்காகத்தான்."

சிரித்துவிட்டார். பேனாவை வாங்கிக்கொண்டு, "ஆமா, எதுக்கு ஃபாரின் போறீங்க?" என்றார்.

"பொண்ணுக்குப் பிரசவம்."

"யோவ்! பேரப்புள்ளையா? இத மொதல்லயே சொல்லிருந்தா பாடாமலே கையெழுத்து போட்டிருப்பேனே!"

போட்டார். போட்டுவிட்டு ஒரு நிபந்தனையும் போட்டார். "பேப்பர்ல திட்டினீங்க. மன்னிப்பும் பேப்பர்லதான் வரணும். இந்த வாட்டி ராபர்ட்டு கீபர்ட்டுன்னு போடாதீங்க. என் பேரையே போடுங்க."

இதோ, போட்டுவிட்டேன். ஆல்பர்ட் நன்றாகப் பாடுகிறார்.

நான் யார் என்று சொல்ல ஆதார் இருக்கிறது, பான் கார்டு இருக்கிறது, வாக்காளர் அட்டை இருக்கிறது. நான் எப்படிப்பட்டவன் என்று சொல்ல மட்டும் ஓர் அட்டையும் கிடையாது. அதற்கு அடுத்த வீட்டு கேட்டைத்தான் தட்ட வேண்டியிருக்கிறது.

நேற்று ஸ்பீடு போஸ்டில் பாஸ்போர்ட் வந்துவிட்டது. இனி பத்து வருஷத்துக்குக் கவலையில்லை. "அப்போ பத்து வருஷமும் நான் நல்லவனாவே இருக்கணுமா?" என்று கலாவைக் கேட்டேன்.

"மொதல்ல பிளைட் ஏறுற வரைக்கும் இருங்க, பாக்கலாம்" என்றாள்.