மடியில் தாளம் போட்டுப் படித்த இத்தாலியன்

தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில் ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். விண்ணப்பத்தில் ‘தெரிந்த மொழிகள்’ என்ற இடத்தில் இத்தாலியன் என்றும் எழுதியிருந்தேன். ஒரு வார்த்தை தெரியாது. யார் வந்து சோதிக்கப் போகிறார்கள் என்ற திமிர்தான்.

மறுமாதமே மேனேஜர் கூப்பிட்டார். இத்தாலியிலிருந்து ஒருவர் தோல் வாங்க வருகிறாராம். நான்தான் பேச வேண்டுமாம். சரி என்று தலையாட்டிவிட்டேன். அப்பா ரிட்டயர் ஆகிவிட்ட வீட்டில் என் வேலைதான் ஒரே பிடிமானம்.

லஸ் பக்கம் பழைய புத்தகக் கடையில் ஓர் இத்தாலிய இலக்கணப் புத்தகம் கிடைத்தது. வினைச்சொற்களை அசை அசையாகப் பிரித்துப் போட்டு, கடைசிக்கு முந்தைய அசையை அழுத்தச் சொல்லியிருந்தார்கள். விதிவிலக்குகள் இருந்த பக்கம் கிழிந்துபோனது எனக்குத் தெரியாது. மடியில் தாளம் தட்டி மனப்பாடம் செய்தேன்.

“பாட்டு கிளாஸுக்குப் போடின்னா ஓடி ஒளிஞ்சே. இப்போ என்னடி ஆத்துல ஓயாம தாளம்?” என்று அம்மா கேலி செய்தாள்.

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். சரக்கு எப்போது வரும் என்று அவர் கேட்டது எப்படியோ புரிந்துவிட்டது. ‘அடுத்த வாரம் வந்து சேரும்’ என்று சொல்ல நினைத்து, ‘அர்ரிவானோ’ என்றேன், ‘வா’வை நன்றாக அழுத்தி. அவர் விழித்தார். இன்னும் உரக்கச் சொன்னேன். என் விரல் தானாக மேஜையில் தாளம் தட்டியது.

“என்னம்மா, அவருக்கு ஒண்ணுமே புரியல போலிருக்கே?” என்றார் மேனேஜர்.

இத்தாலியர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானும் மேஜையில் நான்கு தட்டு தட்டினார், இரண்டாவதை மட்டும் பலமாக. கூடவே சத்தமில்லாமல் வாயசைத்தார். பிடித்துக்கொண்டேன். ‘ரி’யை அழுத்தித் திரும்பச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. மேனேஜரிடம் திரும்பி, காதைத் தொட்டுக் காட்டி, தனக்குத் தெரிந்த நாலு ஆங்கில வார்த்தையில் சொன்னார்: விமானத்தில் வந்ததில் காது அடைத்துவிட்டது, இந்தப் பெண் நன்றாகத்தான் பேசுகிறாள்.

மனசு கேட்கவில்லை. சாயங்காலமே மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“நானும் பாத்துக்கிட்டுதாம்மா இருந்தேன். நாளைக்கே போய் ஒரு கிளாஸ்ல சேரு” என்று சொல்லிவிட்டு ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார்.

அந்த மொழியை வைத்தே பல வருஷமாகப் பிழைக்கிறேன். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வெளிநாட்டுக்காரர் முன்னால் திணறும்போதெல்லாம், இன்றைக்கும் எனக்கு உடனே காது அடைத்துக்கொள்கிறது.